முன்கூட்டியே தெரிந்த வன்முறைகள்



இந்தத் திருமலைப் பாறையில் முதலாம் இராசேந்திர சோழனின் 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. கங்கை வரை அவன் படை வென்ற நாடுகளைப் பெயர் பெயராக அடுக்குகிறது. தனக்கு வேண்டியதை அரசு கவனமாகவே பதிவு செய்யும். ஒடுக்கப்பட்டோர் கொடுத்த எச்சரிக்கைகளுக்கு அந்தக் கவனம் கிடைத்ததில்லை. அந்த வரலாற்றைத்தான் இன்று பேசுகிறோம்.

மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதுமே மிரட்டல் தொடங்கிவிட்டது. 1996இல் தேர்தல் தடைபட்டது. பிறகு நடந்த தேர்தலில் வென்ற முருகேசனால் நிம்மதியாக அலுவலகத்தில் உட்கார முடியவில்லை. பாதுகாப்பு கேட்டார். 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்ப் பேருந்தில் திரும்பியவரைத் தோழர்களோடு சேர்த்து வெட்டிக் கொன்றார்கள். பல மாதங்கள் ஊரறிய வளர்ந்த பகையைத் 'திடீர் மோதல்' என்று எழுதினால் அது வரலாறாகாது.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். மாணவர்கள் சாதிக்கொரு நிறத்தில் கையில் கயிறு கட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் சிலர் அரசுக்குச் சொன்னார்கள். அதன்பேரில் 2019இல் பள்ளிக் கல்வி இயக்குநர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். எதிர்ப்பு வந்ததும், அது தமக்குத் தெரியாமல் போனது, பழைய நிலையே தொடரும் என்றார் அன்றைய அமைச்சர். களத்தில் கண்டதை அதிகாரிகளே எழுதிக் கொடுத்தும் பயனில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்ட் 9 இரவு, நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவனை உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தான் அந்தப் பிள்ளை. காரணம் கேட்டபோது பள்ளியில் சொன்னான். அந்தப் புகாருக்கும் அரிவாளுக்கும் நடுவே அவனைக் காக்க ஒருவரும் இல்லை. புகார் கொடுப்பவருக்கே ஆபத்து என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியும். கல்வித்துறைதான் கற்க வேண்டும்.

அமெரிக்காவில் 1974 முதல் 2000 வரை நடந்த 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2002இல் அறிக்கை வெளியிட்டார்கள். 81 விழுக்காட்டு நிகழ்வுகளில், தாக்குபவரின் எண்ணம் குறைந்தது ஒருவருக்காவது முன்பே தெரிந்திருந்தது. பெரும்பாலும் அவர் சக மாணவர். தாக்குபவருக்கென்று ஒரே மாதிரியான அடையாளம் இல்லை என்றும் அவ்வறிக்கை சொன்னது. அதை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. அங்கே தனி மாணவனைப் பார்க்கிறார்கள். இங்கே அவனுக்குப் பின்னால் தெரு, சங்கம், சில இடங்களில் ஆசிரியர் அறைகூட நிற்கிறது.

அந்தப் பின்புலத்தைத் தொட்டது நீதிபதி கே. சந்துரு குழு. 2024 ஜூன் 18 அன்று முதல்வரிடம் தந்த அறிக்கையில், பள்ளிப் பெயர்களிலுள்ள சாதி அடையாளத்தை நீக்கவும், கயிறுகளைத் தடுக்கவும், ஒரு பகுதியின் ஆதிக்கச் சாதியினரை அங்கேயே தலைமையாசிரியராக அமர்த்தாதிருக்கவும் பரிந்துரைத்தது. சிலர் இதை மதத்துக்கு எதிரானது என்று திசைதிருப்பினார்கள். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வெழுதப் பேருந்தில் போன தலித் மாணவனின் விரல்கள் வெட்டப்பட்டன.

தடுக்கச் சட்டம் இல்லையா? வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இலேயே வந்துவிட்டன. வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை முன்கூட்டியே அடையாளம் காணச் சொல்கிறது விதி 3. மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்கிறது விதி 17. நிர்வாகத்துக்கு மனம் இருந்தால் முடியும் என்பதற்கு நம் திருவண்ணாமலை மாவட்டமே சாட்சி: 2023 ஜனவரி 30 அன்று தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைந்தபோது ஆட்சியரும் காவல்துறையும் முன்கூட்டியே வந்து நின்றார்கள்.

எனவே ஆரணி வட்டார மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். மாவட்டக் குழு எந்தெந்தத் தேதியில் கூடியது, பள்ளிகளிலிருந்து வந்த புகார்கள் அங்கே பேசப்பட்டனவா, கூட்டக் குறிப்பின் நகல் எங்கே என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் முப்பதாம் நாள் கடந்ததும் மேல்முறையீடு செய்யுங்கள்.