'டு'வும் 'இங்'கும்: ஆங்கில வினைகளின் பழைய கணக்கு

ஆங்கிலத்தில் 'வான்ட்' என்ற வினைக்குப் பின் 'டு ரீட்' வரும். 'என்ஜாய்' என்ற வினைக்குப் பின் 'ரீடிங்' வரும். மாணவர்கள் மனப்பாடம் செய்யும் இந்தப் பட்டியலை எந்த இலக்கணப் புலவரும் வகுத்துத் தரவில்லை. நூற்றாண்டுக் கணக்கில் பேச்சிலும் எழுத்திலும் படிந்த வழக்கு அது.

பழைய ஆங்கிலத்தில் 'டு' என்பது திசையையும் நோக்கத்தையும் காட்டிய சொல். 'பாட' என்பதற்குச் 'சிங்கன்' என்ற வடிவம் போதும். 'பாடுவதற்கு' என்று நோக்கம் சொல்லும்போதுதான் 'டு' முன்னால் வந்து நின்றது. பிறகு வினை விகுதிகள் தேய்ந்து உதிர்ந்தன. அவை போன இடத்தில் 'டு' வெறும் அடையாளமாக நிலைத்தது. கேன், மே, மஸ்ட் போன்ற துணைவினைகள் இன்றுவரை அதை ஏற்கவில்லை. விரும்புதல், எதிர்பார்த்தல், முடிவெடுத்தல் என இனி நடக்கப்போவதைச் சுட்டும் வினைகள் பெரும்பாலும் 'டு'வை நாடுவதில் அந்தப் பழைய பொருளின் சாயல் தெரிகிறது.

'இங்' முதலில் முழுக்கப் பெயராக்கும் விகுதி. தமிழின் தொழிற்பெயரைப் போலத்தான் அது இயங்கியது. ஆனால் செயப்படுபொருளை நேரே ஏற்காது, இடையில் 'ஆஃப்' வேண்டும். 14ஆம் நூற்றாண்டு முதல் இந்தத் தடை தளர்ந்தது. பெயராக இருந்தது பாதி வினையாகி, 'டு' ஆண்ட இடங்களுக்குள் புகுந்தது. 'அவாய்ட்' என்ற வினைக்குப் பின் 'டு' எழுதுவது இன்று பிழை. 17ஆம் நூற்றாண்டில் அது நல்ல ஆங்கிலம். நடந்ததை நினைவுகூர 'ரிமெம்பர் டு ஹேவ் சீன்' என்று 18ஆம் நூற்றாண்டில் எழுதியவர்கள் உண்டு. அந்த இடத்தை இப்போது 'ரிமெம்பர் சீயிங்' பிடித்துக்கொண்டது. 'டு'வோடு வரும் ரிமெம்பருக்கு, செய்ய வேண்டியதை மறவாதிருத்தல் என்ற பொருளே எஞ்சியது.

இலக்கண ஆசிரியர்கள் இந்த இடமாற்றத்தில் அக்கறை காட்டியதாகத் தெரியவில்லை. 1762இல் தம் இலக்கண நூலை வெளியிட்ட ராபர்ட் லவுத், 'இங்' சொல்லுக்கு முன் 'தி' வந்தால் பின்னால் 'ஆஃப்' வேண்டும், இல்லையேல் இரண்டும் வேண்டாம் என்றார். 1926இல் ஃபௌலர் தம் மொழிவழக்கு அகராதியில், 'இங்' சொல்லுக்கு முன் 'மை' வராமல் 'மீ' வருவதைக் கண்டித்தார். டென்மார்க் அறிஞர் யெஸ்பர்சன் அந்த வழக்கை ஆதரித்து வாதாடினார். எல்லாம் உள்வீட்டுச் சண்டை. எந்த வினைக்கு எது என்பது ஆங்கிலேயருக்குக் கேள்வியே இல்லை. அது அயலாருக்கே வந்த கேள்வி.

அதனால்தான் விடையும் இங்கிலாந்துக்கு வெளியே, ஜப்பானில் உருவானது. அங்கே ஆங்கிலம் கற்பித்த ஹரால்ட் பாமர் வினை அமைப்புகளை வகைப்படுத்தத் தொடங்கினார். ஏ.எஸ். ஹார்ன்பி அந்தப் பணியைத் தொடர்ந்து, சக ஆசிரியர்கள் இருவருடன் 1942இல் டோக்கியோவில் ஓர் அகராதி வெளியிட்டார். ஒவ்வொரு வினையும் எந்த அமைப்பை ஏற்கும் என்று அதில் குறிக்கப்பட்டிருந்தது. 1948இல் அதை ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. இன்றைய கற்போர் அகராதிகள் அந்த முறையையே பின்பற்றுகின்றன. ஐயம் எழுந்தால் பொதுவிதி தேடி அலைவதைவிட, அந்தந்த வினைக்கு அகராதி தரும் குறிப்பைப் பார்ப்பதே நல்லது.