குருந்தக்கல்லும் மடக்குக்கத்தியும்

மடக்குக்கத்தி வாங்குவது சுலபமுங்க. ஆறு மாசம் கழித்து அது தக்காளித் தோலில் வழுக்கும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கும். டவுனில் இருக்கிற தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணா, கல்லா, வைரத் தகடா, நடுவுல விட்டு இழுக்கிற சாதனமா, மோட்டார் சாணையா? புதுசா கத்துக்கிறவன் எதுல ஆரம்பிக்கலாம்?"

ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் தீட்டும் முறைகள் உலகத்துக்கு எந்த வரிசையில், எதற்காக வந்தன என்று தெரிந்தால் பதிலை நீங்களே கண்டுபிடிச்சிடுவீங்க. அந்தக் கதையில் எங்க நாமக்கல் பக்கத்துக் கல் ஒன்றுக்கும் பெரிய பங்கு இருக்கு.

தீட்டுவது என்பது, இரும்பைவிடக் கடினமான ஒன்றால் இரும்பைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கீறி எடுப்பது. அவ்வளவுதான். கடினத்தை அளக்க மோஸ் என்ற ஜெர்மானியர் வகுத்த அளவுகோல் ஒன்று உண்டு. அதில் வைரத்துக்கு 10. பதம் ஏற்றிய எஃகு ஆறரையிலிருந்து ஏழுக்குள் நிற்கும். வெள்ளைக் கூழாங்கல், ஆற்று மணல், மணற்பாறை எல்லாம் 7. அதாவது எஃகைவிட ஒரு மயிரிழை மேலே.

இரும்பு வருவதற்கு முன்பே இந்த வேலை வந்துவிட்டது. புதிய கற்காலத்து மனிதர்கள் கோடரிக் கல்லைப் பாறையில் தேய்த்துத் தேய்த்தே கூராக்கினார்கள். சேர்வராயன் மலையில் அப்படி வழவழப்பாகத் தேய்த்த கற்கோடரிகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. ராபர்ட் புரூஸ் ஃபூட் தென்னிந்தியா முழுக்க அலைந்து சேர்த்த கற்கருவிகள் 1904-ல் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. சென்னைக்காரர்கள் ஒரு எட்டு போய்ப் பார்க்கலாம். கல்லைக் கல்லால் தேய்த்தவனுக்கு அவசரம் என்ற ஒன்று இருந்திருக்கவே முடியாது.

இரும்பு வந்த பிறகும் நம்ம ஊரில் முறை பெரிதாக மாறவில்லை. கிணத்துமேட்டுக் கல்லில் நடுவே வழவழப்பாக ஒரு பள்ளம் இருந்தால், அது தலைமுறை தலைமுறையாக அருவா தீட்டிய பள்ளம். பனையேறிகளின் முறை இன்னும் நுணுக்கம். பாளை சீவும் அருவா சவரக்கத்தி மாதிரி இருக்கணும், இல்லாவிட்டால் பாளை நைந்து பதநீர் வராது. அதற்காக ஒரு மரப்பலகை மேல் வெள்ளைக்கல்லை மாவாகப் பொடித்துத் தூவி, அதில் தீட்டுவார்கள். மெதுவாகத்தான் தேயும். ஆனால் அந்தக் கூர் தாளை நறுக்கும்.

இனி எங்க ஊர்ச் சமாச்சாரத்துக்கு வருகிறேன். பரமத்தி, சித்தம்பூண்டி பக்கம் உழுத காட்டில் மழை பெய்து ஓய்ந்தால், சாம்பலும் செம்மையும் கலந்த கனமான கல் துண்டுகள் கண்ணில் படும். குருந்தக்கல். கடினம் 9. இயற்கையில் வைரத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். மாணிக்கமும் நீலக்கல்லும் இதே பொருளின் நிறம் ஏறிய, ஒளி ஊடுருவும் வடிவங்கள். சித்தம்பூண்டி என்ற பெயரைச் சமீபத்தில் கேள்விப்பட்டிருப்பீங்க: சந்திரயான் சோதனைக்கு நிலா மண் மாதிரி செய்ய இஸ்ரோ பாறை எடுத்துப்போனது இங்கேயிருந்துதான்.

இந்தக் கல்லை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தி சார்லஸ் கிரெவில் 1798-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். இன்று உலகம் பூராவும் புவியியல் புத்தகங்களில் 'கொரண்டம்' என்று இருக்கிற பெயர், நம்ம 'குருந்தம்' போய் வெள்ளைக்காரன் வாயில் விழுந்ததுதான். அகராதிகளே அப்படித்தான் மூலம் சொல்கின்றன.

குருந்தத்தை நம்மவர்கள் பயன்படுத்திய விதம்தான் முக்கியம். கல்லைப் பொடித்து, சலித்து, உருக்கிய அரக்கில் கலந்து சக்கரமாக வார்த்தார்கள். அதுதான் பழைய சாணை. ஒருத்தர் வாரை இழுக்க, சக்கரம் முன்னும் பின்னுமாகச் சுற்றும். வாள் தீட்டியவர்களும் ரத்தினம் பட்டை தீட்டியவர்களும் இதையே வைத்திருந்தார்கள். இதில் ஒரு விசயத்தைக் கவனிங்க. அரக்கு எண்பது டிகிரி வெப்பத்துக்குள்ளேயே இளகிவிடும். அவசரப்பட்டு அழுத்தித் தேய்த்துச் சூடாக்கினால் முதலில் கெட்டுப்போவது சக்கரம்தான், கத்தி இல்லை.

அடுத்த திருப்பம் அமெரிக்காவில். பென்சில்வேனியாவில் எட்வர்ட் அச்சிசன் என்பவர் 1891-ல் செயற்கை வைரம் செய்யப் பார்த்தார். களிமண்ணையும் கல்கரியையும் இரும்புச் சட்டியில் போட்டு மின்சாரம் பாய்ச்ச, பளபளவென்று சில துகள்கள் கிடைத்தன. கண்ணாடியைக் கீறின. கார்பனும் கொரண்டமும் சேர்ந்தது என்று நினைத்து 'கார்போரண்டம்' என்று பேர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கான் கார்பைடு. கடினம் ஒன்பதரை. பொருள் வேறு, ஆனாலும் பெயரில் பாதி நம்ம குருந்தம் ஒட்டிக்கொண்டது. 1893-ல் காப்புரிமை, 1895-ல் நயாகரா அருவி மின்சாரத்தில் ஆலை. கொஞ்ச வருசத்தில் குருந்தத்தையும் பாக்சைட்டிலிருந்து உலையிலேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். காட்டில் கல் பொறுக்கியவர்களின் பிழைப்பு மெல்ல மங்கியது. 1954-ல் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு கூட்டாகக் கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனியைத் தொடங்கியது. திருவொற்றியூரில் சாணைச் சக்கரம் செய்யும் ஆலை வந்தது. குருந்தம் இப்படி ஊர் சுற்றித் தமிழ்நாட்டுக்கே திரும்பியது.

புதுச் சக்கரத்தில் அரக்கு இல்லை. களிமண் போன்ற பிணைப்பில் சேர்த்து 1200 டிகிரிக்கு மேல் சுட்டு எடுக்கிறார்கள். எவ்வளவு சூடானாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. பட்டறை மோட்டார் சாணை நிமிடத்துக்கு 2800 சுற்றுக்கு மேல் சுற்றும். ஆறு அங்குலச் சக்கரம் என்றால் அதன் விளிம்பு ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடுகிறது. கத்தி வெளிம்போ தாளைவிட மெல்லிசு. கொல்லர் தோய்ச்சல் கொடுத்து, பதம் பார்த்து எடுத்த எஃகு, 220 டிகிரி வாக்கில் வைக்கோல் நிறம் காட்டும். 300-ஐ நெருங்கினால் நீலம் பூக்கும். நீலம் பூத்த இடத்தில் பதம் போச்சு. பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. பழைய சாணையில் முதலில் தோற்றது சக்கரம். புதுச் சாணையில் முதலில் தோற்பது கத்தி. நூறு வருசத்தில் நடந்த மாற்றம் இதுதான்.

மோட்டார் சாணை தப்பான பொருள் என்று சொல்ல வரவில்லை. மண்வெட்டி, கடப்பாரை, கொழு இதுக்கெல்லாம் எங்க வீட்டிலும் அதுதான். ஆலைக்கும் பட்டறைக்கும் நேரம் காசு. அவர்களுக்காகவே வந்த வேகம் அது. மூணு அங்குல மடக்குக்கத்திக்கு அந்த வேகம் எதற்கு?

சரி, கடையில் கிடைக்கும் மற்றதைப் பார்ப்போம். நடுவில் விட்டு இழுக்கும் சாதனம் ரெண்டே நிமிசத்தில் வெட்ட வைக்கும். ஆனால் எஃகைச் சுரண்டிப் பிய்க்கும், கோணத்தையும் அதுவே முடிவு செய்யும், உங்க கை ஒன்றும் கற்றுக்கொள்ளாது. வைரத் தகடு நல்ல பொருள், வேகமாகத் தேய்க்கும். கோணம் பழகாத கையில் தப்பையும் அதே வேகத்தில் செய்யும். அதனால் புதுசா ஆரம்பிக்கிறவருக்கு என் பதில்: ரெண்டு பக்கக் கல். ஹார்டுவேர் கடையில் சாணைக்கல் என்று கேட்டாலே கொடுப்பார்கள். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் மிருது.

கல்லை ஈரத்துணி மேல் நகராமல் வைத்து, தண்ணீர் ஊற்றுங்க. ஈரம் சூட்டையும் தூசியையும் சேர்த்து அடக்கும். பேனாக்கத்திக்குப் பேர்போன இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், மணற்கல் தூசியைச் சுவாசித்தே சாணைத் தொழிலாளிகள் பலர் இளவயசில் நுரையீரல் கெட்டுச் செத்திருக்கிறார்கள். காய்ந்த சக்கரத்தில் வேலை செய்தவர்கள் நிலைமைதான் ரொம்ப மோசம்.

கோணம் பக்கத்துக்கு 20 டிகிரி போதும். 2 செ.மீ. அகல அலகு என்றால் அதன் முதுகு கல்லிலிருந்து 7 மி.மீ. உயரணும். ஒரு பென்சிலின் கனம். பென்சிலை வைத்து உயரம் பார்த்துவிட்டு எடுத்துவிடுங்க. கை அந்த உயரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஒரு பக்கமே தேய்த்துக்கொண்டிருந்தால் மறுபக்கத்து வெளிம்பில் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டும். விரலை வெளிம்பின் குறுக்கே வெளிப்பக்கமாக நகர்த்திப் பார்க்கணும், நீளவாக்கில் கூடாது. பிசிறு தட்டினால்தான் கூர் வந்தது என்று அர்த்தம். அப்புறம் கத்தியைத் திருப்பி அடுத்த பக்கம். மிருதுப் பக்கத்தில் லேசாக நாலு இழுப்பு. கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பின்வாக்கில் இழுத்தால் மிச்சப் பிசிறும் போய்விடும். பனையேறியின் பலகை செய்த வேலையும் இதேதான்.

முதல் தடவை அரை மணி நேரம் ஆகும். பத்தாவது தடவை பத்து நிமிசம். ஒவ்வொரு தடவையும் கத்தி இழப்பது கண்ணுக்குத் தெரியாத அளவு எஃகுதான். நல்ல கத்தி உங்க பையன் காலம்வரை வரும். கல் நடுவில் பள்ளம் விழுந்தால் சமமான தரையில் தண்ணீர் விட்டுத் தேய்த்து மட்டம் பண்ணிக்கோங்க, அதுவும் வரும்.