பேரரசர் வார்த்த பழமை

1104ஆம் ஆண்டு. இன்றைய சீனாவின் ஹெனான் மாநிலத்தில் உள்ள யிங்தியன் வட்டாரத்தில் மண்ணுக்கடியிலிருந்து ஆறு வெண்கல மணிகள் கிடைத்தன. தொங்கவிட மேலே ஒரு பிடி, உடலெங்கும் வரிசை வரிசையாகக் குமிழ்கள். உள்ளே நாக்கு கிடையாது. வெளியிலிருந்து தட்டித்தான் ஒலிக்கச் செய்ய வேண்டும். மேலே இருந்த எழுத்துகளை அறிஞர்கள் படித்தார்கள். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் அங்கே ஆண்ட சோங் நாட்டுக் கோமகன் செய்வித்த மணிகள் அவை.

அப்போது கைஃபெங் நகரில் அரியணையில் இருந்தவர் ஹுய்சோங். ஓவியர், எழுத்தழகர், பழம்பொருள் பித்தர். அவருடைய வம்சத்தின் பெயரும் சோங். அந்த வட்டாரத்திலிருந்து எடுத்துக்கொண்ட பெயர்தான் அது. மணிகள் வானம் அனுப்பிய நற்சகுனம் என்று அரசவை கொண்டாடியதில் வியப்பில்லை.

குருவி முதுகில் கிண்ணம்

அந்தக் கொண்டாட்டத்துக்குப் பின்னால் ஒரு பெரிய ஏக்கம் இருந்தது. ஷாங், ஜோ என்ற பண்டைய வம்சங்களின் அரசர்கள் முன்னோருக்குப் படையலிட்ட பாத்திரங்கள் எப்படி இருந்தன என்பதே பல நூற்றாண்டுகளாக மறந்துபோயிருந்தது. 10ஆம் நூற்றாண்டில் நியே சோங்யி என்ற அறிஞர் பழைய உரைகளை மட்டும் நம்பிச் சடங்குப் பொருள்களுக்குப் படம் தொகுத்தார். 'ஜுவே' என்னும் மதுக்கிண்ணம் அதில் ஒரு குருவியாக நிற்கிறது. முதுகில் ஒரு கிண்ணம்! மண்ணிலிருந்து கிடைத்த அசல் ஜுவேயோ மூன்று கால்களும் நீண்ட மூக்கும் கொண்ட வெண்கலப் பாத்திரம்.

புத்தகம் சொன்னதை மண் திருத்தியது. 1092இல் லூ தாலின் என்ற அறிஞர் பழம்பொருள்களை வரைந்து ஒரு நூல் தொகுத்தார். ஹுய்சோங்கின் அரண்மனைச் சேகரிப்புக்கு முப்பது பகுதிகளில் உருவான பட்டியல், எண்ணூறுக்கும் மேற்பட்ட பாத்திரங்களின் வடிவம், அளவு, எடை, எழுத்து எல்லாவற்றையும் பதிவு செய்தது. அந்தப் படங்களைப் பார்த்துப் புதுப் பாத்திரங்கள் வார்க்கப்பட்டன.

விரல் அளந்த இசை

ஆறு மணிகளின் வடிவில் புது மணிகளை வார்க்க 1105இல் 'தாசெங்' என்ற இசைத் திட்டமே உருவானது. சுருதியை எப்படி நிர்ணயிப்பது? சிச்சுவானைச் சேர்ந்த பழைய படைவீரர் வெய் ஹான்ஜின் வழி சொன்னார்: பேரரசரின் விரல் கணுக்களின் நீளமே அளவுகோல். வடிவம் முன்னோருடையது, சுருதி அரசரின் உடலுக்குரியது. ஒவ்வொரு மணியிலும் ஒருபுறம் 'தாசெங்' என்ற பெயர், மறுபுறம் அதன் சுரப்பெயர்.

அதனால்தான் இவற்றைப் போலி என்று ஒதுக்குவது அநீதி என்கிறேன். பிற்கால வணிகர்கள் புதுப் பாத்திரத்தில் செயற்கையாகக் களிம்பு ஏற்றிப் பழையது என்று விற்றார்கள், அது ஏமாற்று. ஹுய்சோங் தன் காலத்தின் பெயரை வெளிப்படையாகப் பொறித்தார். பழைய அறநெறி ஆட்சி தன்னிடம் மீண்டும் பிறந்துவிட்டது என்று உலகுக்கு அறிவித்தார்.

அந்த அறிவிப்பு அவரைக் காக்கவில்லை. 1127இல் ஜுர்சென் மக்களின் ஜின் அரசு கைஃபெங்கைச் சூறையாடியது. ஹுய்சோங்கும் சிறைப்பட்டார், மணிகளும் வடக்கே போயின. வென்றவர்களுக்கு ஒரு சங்கடம்: மணியில் இருந்த 'செங்' எழுத்து, அவர்களுடைய பேரரசர் தாய்சோங்கின் சீனப் பெயர். அரசர் பெயரை எழுதுவதே குற்றமாயிற்றே! 1141இல் அந்த மணிகளைப் பயன்படுத்த எடுத்தபோது, எழுத்தின்மேல் மஞ்சள் காகிதம் ஒட்டி மறைத்தார்கள். பின்னர் சில மணிகளில் பழைய பெயரைச் சுரண்டிவிட்டு 'தாஹெ' என்று பொறித்தார்கள்.

1104இல் கிடைத்த ஆறு மணிகளும் இன்று இல்லை. பட்டியலில் படமாக மட்டுமே இருக்கின்றன. அவற்றைப் பார்த்து வார்த்த தாசெங் மணிகளோ பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்திலும் டொராண்டோவிலும் இருக்கின்றன. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு பழமையான ஒரு வடிவத்தை நம் காலம்வரை தூக்கி வந்தவை இந்த நகல்களே. அந்த நன்றியை வரலாறு அவற்றுக்குச் செலுத்தியாக வேண்டும்.

தெற்கே தப்பியோடி ஹாங்ஜோவில் ஆட்சியமைத்த சோங் அரசவையிடம் போதிய வெண்கலம் இல்லை. முன்னோருக்குப் படையல் நிற்கக் கூடாதே! வெண்கல வடிவங்களைக் களிமண்ணில் சுட்டெடுத்த அந்தக் குயவர்களின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)