நீர்ப்பூட்டும் நிலக்கரி வாயுவும்: தொடக்ககால வாயு ஆலைகளின் வடிவமைப்பு பற்றி ஓர் ஆய்வு

நிலக்கரி வாயுவின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வாலையில் தொடங்கி வாலையிலேயே முடித்துவிடுகிறார்கள். வாலை எனும் மூடிய இரும்புக் கலத்தில் நிலக்கரியை இட்டு வெளியிலிருந்து சூடேற்றினால் எரியும் வாயு வெளிப்படும்; இதை முதலில் கண்டவர் யார், முதலில் விளக்கேற்றியவர் யார் என்ற வழக்கே பக்கங்களை நிரப்புகிறது. இக்கட்டுரையின் வாதம் வேறு. தொடக்ககால வாயு ஆலையின் உருவத்தைத் தீர்மானித்தது நெருப்பைக் காட்டிலும் நீரே. சில அங்குல ஆழ நீர் அங்கே வால்வாகவும் மூட்டாகவும் சலவைத் தொட்டியாகவும் அளவைக் கருவியாகவும் வேலை செய்தது. அந்த நீரின் வரம்புதான் 1850 வரை இத்தொழிலின் வரம்பாகவும் இருந்தது.

கண்டுபிடித்தவர் யார் என்ற வழக்கை விரைவாகக் கடந்துவிடலாம். இங்கிலாந்தின் விகன் அருகே நிலக்கரியை வடித்து, வந்த வாயுவை விலங்குகளின் சவ்வுப் பைகளில் நிரப்பிக் கொளுத்திக் காட்டிய ஜான் கிளேட்டனின் குறிப்பு 1739-இல் ராயல் சொசைட்டியின் இதழில் அச்சாயிற்று. 1780களில் லூவனில் மின்கெலர்ஸ் பலூனுக்காக இதே வாயுவைத் தயாரித்தார். டண்டனால்ட் பிரபு 1781-இல் தார் எடுக்கக் காப்புரிமை பெற்றார். வாயு அவருக்கு வேண்டாத மிச்சமாகவே இருந்தது. பாரிஸில் லெபோன் 1799-இல் மரத்தை வடிக்கும் தம் 'தெர்மோலாம்ப்' கருவிக்குக் காப்புரிமை பெற்றார். கார்ன்வாலின் ரெட்ரூத்தில் வில்லியம் மர்டாக் 1792-இல் தம் வீட்டில் வாயு விளக்கேற்றினார். ஆக, சூடேற்றினால் வாயு வரும் என்பது 18ஆம் நூற்றாண்டு முழுவதும் பலர் அறிந்த செய்தி. அறியாதிருந்தது வேறு: நாள் முழுதும் வரும் வாயுவை மாலையில் மட்டும் கேட்கும் ஊருக்கு எப்படிக் கொடுப்பது? சிவக்கக் காய்ந்த வாலையை ஆலையை நிறுத்தாமல் எப்படித் திறப்பது? ஓட்டையும் விரிசலும் நிறைந்த வார்ப்பிரும்பில் வாயுவை எப்படி அடக்குவது?

விடைகள் வேதியியலாளரின் மேசையிலிருந்து வந்தன. ஸ்டீவன் ஹேல்ஸ் 1727-இல் வெளியிட்ட நூலில், வாயுவை நீர்த்தொட்டியின் வழியே பிடித்து அளக்கும் அமைப்பை விளக்கியிருந்தார். லவாய்சியர் 1780களில் வாயுவை அளந்து வைக்கும் பெருங்கருவியைச் செய்வித்தார். ஜேம்ஸ் வாட், மருத்துவர் பெடோஸுக்காக, நோயாளிகள் சுவாசிக்கும் வாயுக்களைத் தயாரிக்கும் கருவிகளை 1790களின் நடுவில் வடிவமைத்தார். அவற்றை விற்றதும் பௌல்டன்–வாட் நிறுவனமே. அந்த நிறுவனத்தில்தான் மர்டாக் பணியாற்றினார். லெஸ்லி டொமோரி 2012-இல் வெளியிட்ட நூலில் இந்த வேதியியல் மரபைத் தெளிவாக நிறுவியிருக்கிறார். குழாய் வலையமைப்பாக மாறியதே இத்தொழிலின் பெருந்திருப்பம் என்றும் அவர் வாதிடுகிறார். முதல் கூற்றை முழுமனதோடு ஏற்கிறேன். இரண்டாவதில் ஒரு திருத்தம் தேவை. வலையமைப்பு பிறப்பதற்கு முன்பே அதற்குரிய நிபந்தனை ஆலைக்குள், கலங்களின் இணைப்பில், நிறைவேறியாக வேண்டும். அந்த இணைப்பைத்தான் இங்கே பார்க்கிறோம்.

மர்டாக்கின் சாதனையைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. சால்ஃபோர்டில் பிலிப்ஸ்–லீ பஞ்சாலைக்கு அவர் அமைத்த விளக்குகளின் கணக்கை 1808-இல் ராயல் சொசைட்டி முன் வைத்தார். 271 ஆர்கண்ட் விளக்குகள், 633 'காக்ஸ்பர்' விளக்குகள். மொத்த ஒளி ஏறத்தாழ 2,500 மெழுகுவத்திக்குச் சமம். நாளொன்றுக்கு விகன் கேனல் நிலக்கரி 7 ஹண்ட்ரட்வெயிட். ஆண்டுச் செலவு 600 பவுண்டு. அதே ஒளியை மெழுகுவத்தியில் பெற 2,000 பவுண்டு. இந்தக் கணக்குக்காகவே அவருக்கு ரம்ஃபோர்ட் பதக்கம் கிடைத்தது. ஆனால் ஒரே முதலாளி, ஒரே கட்டடம், தெரிந்த வேலைநேரம் என்ற எல்லைக்குள் செய்த வடிவமைப்பு அது. வாலை பெரியது; செங்குத்தாக நின்ற வாளி போன்றது. வாயு நீங்கியபின் எஞ்சும் கோக்கை மொத்தமாகத் தூக்கி எடுக்க உள்ளே கூடை இருந்தது. சூடு ஓரத்தில் இருக்கும் நிலக்கரியை முதலில் கோக்காக்கும்; அந்தக் கோக்கே நடுவிலிருக்கும் நிலக்கரிக்குச் சூடு போகாமல் தடுக்கும். கலம் பெரிதாகப் பெரிதாக எரிபொருள் வீணாகும். இந்த அனுபவமே வாலையைச் சிறிதாக்கி, கிடையாகப் படுக்கவைத்து, ஓர் அடுப்பின் மேல் பலவற்றை அடுக்கச் செய்தது.

பல வாலைகளை அடுக்கியவுடன் புதிய சிக்கல் எழுந்தது. ஒவ்வொரு வாலையையும் சில மணிக்கொருமுறை திறந்து, கோக்கை இழுத்துப் போட்டு, புது நிலக்கரியை எறிந்து மூட வேண்டும். ஒன்று திறந்திருக்கும்போது மற்றவற்றின் வாயு பொதுக்குழாய் வழியாக அந்தத் திறந்த வாயில் பாய்ந்து எரியும். வாலைக்கொரு திருகுவால்வு வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் சூடும் தாரும் சேர்ந்து அக்காலத்து வால்வை விரைவில் இறுகச் செய்துவிடும். அதோடு, மறதி என்பது இரவுப்பணியாளருக்கு இயல்பு. சாமுவேல் கிளெக் தந்த தீர்வு 'ஹைட்ராலிக் மெயின்'. வாலை வரிசைக்கு மேலே நீளப் படுத்திருக்கும் பெரிய குழாய் அது. பாதியளவு நீர்மம் நிற்கும். ஒவ்வொரு வாலையிலிருந்தும் மேலெழும் குழாய் வளைந்து இறங்கி, அந்த நீர்மத்துக்குள் சில அங்குலம் முனையை நனைத்து நிற்கும். வாலையில் வாயு பிறக்கும்போது நீர்மத்தை அழுத்தித் தள்ளிக் குமிழியாக வெளியேறும். வாலையைத் திறந்தால் பொதுக்குழாயின் அழுத்தம் நீர்மத்தைச் சற்றே மேலேற்றும்; வாயு திரும்பாது. அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லாத ஒருவழி வால்வு இது. இதைவிட அழகான ஓர் அம்சம், பூட்டும் நீர்மத்தை ஆலையே உண்டாக்கிக்கொள்வது: வாயு குளிரும்போது படியும் தாரும் அம்மோனியா நீரும் அதே குழாயில் சேர்ந்து, மட்டத்துக்கு மேல் வழிந்து வெளியேறும். பொறியியல் வரலாற்றில் இதற்கு இணையான சிக்கனம் அரிது என்பது என் துணிபு.

கிளெக் மர்டாக்கின் கீழ்ப் பயின்றவர்; மான்செஸ்டரில் ஜான் டால்டனிடமும் பாடம் கேட்டவர். தொழில்முனைவர் வின்சர் 1807-இல் லண்டனின் பால்மால் வீதியில் விளக்கேற்றி, ஓயாது விளம்பரம் செய்து, 1812-இல் அரச சாசனம் பெறச் செய்த 'கேஸ் லைட் அண்ட் கோக் கம்பெனி'க்குப் பொறியாளராக வந்து, அதை நடக்கும் தொழிலாக மாற்றியவர் அவரே. 1813 டிசம்பர் 31 இரவு வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் வாயு விளக்கால் ஒளிர்ந்தது.

அடுத்தது வாயுக் கொள்கலன். நீர்த்தொட்டியில் கவிழ்த்த குடம் என்று அதன் தத்துவத்தைச் சொல்லிவிடலாம். வாயு நிரம்ப, 'மணி' எனப்படும் அந்தக் குடம் எழும், செலவாக இறங்கும், நீர் அதன் அடியை அடைக்கும். பகலில் சேர்த்து இரவில் கொடுப்பதோடு, மணியின் எடையே ஊர்க்குழாய்களுக்கு அழுத்தமும் தந்தது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. மணி நீருக்குள் இறங்க இறங்க, மூழ்கிய இரும்பு தன் எடையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கை மிதப்பால் இழக்கும். எனவே கலன் நிரம்பியிருக்கும்போது ஓர் அழுத்தம், காலியாகும்போது குறைந்த அழுத்தம். முன்னிரவில் நிமிர்ந்த சுடர் பின்னிரவில் சோர்ந்துவிடும். மணியைத் தாங்கிய சங்கிலியையே இதற்கு மருந்தாக்கினார்கள். மணி உயர்ந்திருக்கும்போது சங்கிலியின் நீளம் கப்பிக்கு மறுபுறம் எதிரெடையோடு சேர்ந்து மணியைத் தூக்கும். மணி இறங்கும்போது அதே நீளம் மணியின் பக்கம் வந்து அதற்கு எடை கூட்டும். சங்கிலியின் கனத்தைச் சரியாகக் கணித்தால் இழப்பும் ஈடும் சமமாகும். ஆர்க்கிமிடீஸின் விதியை இவ்வளவு அன்றாடமாக ஒரு நகரத்தின் விளக்குகளோடு பிணைத்த வேறு கருவியை நான் அறியேன்.

இந்தக் கலனை அறிவாளர்களே தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. 1814-இல் சர் ஜோசஃப் பேங்க்ஸ் தலைமையில் ராயல் சொசைட்டியினர் கம்பெனியின் ஆலையைப் பார்வையிட்டு, கொள்கலன் 6,000 கன அடியைத் தாண்டக்கூடாது, உறுதியான கட்டடத்துக்குள் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தனர். ஆனால் மணியின் உள்ளழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றே கூடுதல். ஓட்டை விழுந்தால் வாயு வெளியேறுமே தவிரக் காற்று உள்ளே புகாது. காற்றுக் கலக்காமல் வெடிப்பு இல்லை. இதைக் காட்ட கிளெக் அவர்கள் கண்முன்னே மணியில் துளையிட்டு, பீறிய வாயுவை மெழுகுவத்தியால் கொளுத்தினார் என்று அவர் மகன் எழுதிய நூல் சொல்கிறது. உண்மையான ஆபத்து, கசிந்த வாயு மூடிய கட்டடத்துள் தேங்கிக் காற்றோடு கலப்பதில் இருந்தது. பாதுகாப்புக்கென்று சொன்ன சுவரே அந்த ஆபத்தை வளர்க்கக்கூடியது. பின்னாளில் கலன்கள் திறந்தவெளிக்கு வந்ததும், 6,000 கன அடி வரம்பு காற்றில் போனதும் வடிவமைப்பின் தர்க்கம் வென்றதைக் காட்டுகின்றன.

சுத்திகரிப்பிலும் இதே கதை. நிலக்கரியின் கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாக வாயுவில் கலந்து வரும். அறையில் எரித்தால் நாற்றமும் வெள்ளிப் பாத்திரத்தில் கறுப்பும். கிளெக் முதலில் கொள்கலனின் தொட்டிநீரிலேயே சுண்ணாம்பைக் கலந்து பார்த்தார். சுண்ணாம்பு அடியில் படிந்துவிட்டது. பிறகு தனிக் கலமும் கிளறும் துடுப்பும் வந்தன. லங்காஷயரின் ஸ்டோனிஹர்ஸ்ட் கல்லூரி அத்தகைய சுண்ணாம்புக் கலத்தை முதலில் பெற்ற இடங்களுள் ஒன்று. அளவையிலும் நீரே. தொடக்கத்தில் விளக்கின் எண்ணிக்கைக்கும் எரியும் மணிக்கும்தான் கட்டணம். வாடிக்கையாளர் விடிய விடிய எரித்தாலும் கம்பெனிக்குத் தெரியாது. 1815-இல் கிளெக் காப்புரிமை பெற்று, பின்னர் ஜான் மாலம் திருத்திய மீட்டரில் பாதிக்கு மேல் நீரில் மூழ்கிய உருளை வாயுவின் தள்ளலால் சுழலும். அறைகளின் கொள்ளளவை நீர்மட்டமே வரையறுக்கும்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். ரூபன் ஃபிலிப்ஸ் 1817-இலேயே உலர் சுண்ணாம்பு முறையைக் கொண்டுவந்தார். 1840களில் தோல் துருத்தி கொண்ட உலர் மீட்டரும் வந்தது. அப்படியானால் நீர் பல வழிகளுள் ஒன்றுதானே? உலர் முறைகளை உற்று நோக்கினால் மறுப்பு வலுவிழக்கிறது. உலர் சுண்ணாம்புப் பெட்டியின் மூடி எதனால் காற்றுப்புகாமல் நின்றது? விளிம்பைச் சுற்றி ஓடிய நீர்ப்பள்ளத்தால். பட்டறைகள் துல்லியமான தளங்களையும் இணைப்புகளையும் மலிவாகச் செய்யத் தொடங்கும்வரை, நீரே மிகத் துல்லியமான பொருத்து உறுப்பு. எந்தக் கோணலான வார்ப்பிலும் அது தானாகப் பொருந்தும்.

ஆனால் நீர் தன் விலையைக் கேட்டது. ஹைட்ராலிக் மெயினில் சில அங்குலம், சுண்ணாம்புக் கலத்தில் சில அங்குலம், கொள்கலனில் சில அங்குலம். கூட்டினால் ஓர் அடியை எட்டுவது எளிது. வளிமண்டல அழுத்தம் 34 அடி நீருக்குச் சமம் என்பதால் இது அற்பமாகத் தோன்றும். இரும்பு வாலைக்கு அது அற்பமே. ஆனால் இரும்பு வாலை நெருப்பில் அரித்துப் போய் அடிக்கடி மாற்ற வேண்டியதாயிற்று. அதிகச் சூட்டையும் தாங்கவில்லை. ஜான் கிராஃப்டன் 1820-இல் தீ தாங்கும் களிமண் வாலைக்குக் காப்புரிமை பெற்றார். நீடித்து உழைக்கும், கூடுதல் சூடு தாங்கும், அதனால் டன்னுக்குக் கூடுதல் வாயு தரும் பொருள். இருந்தும் அது பரவ இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தொழில்முறைப் பழமைவாதம் என்று இதற்குக் காரணம் கூறுவது போதாது. களிமண் நுண்துளை கொண்டது. பின்னழுத்தம் வாயுவை அதன் சுவர் வழியே அடுப்புக்குள் தள்ளும். அழுத்தத்தால் வாலையில் தங்கும் வாயு சிதைந்து உட்சுவரில் கரிப்படிவாக இறுகும். கிடைக்கும் ஒளியும் குறையும். இந்தப் படிவத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டவரும் கிராஃப்டனே. 1840ஐ ஒட்டி, வாலைகளிலிருந்து வாயுவை இழுத்து முன்னே தள்ளும் உறிஞ்சி இயந்திரம் நடைமுறைக்கு வந்தது. நீர்ப்பூட்டுகள் விதித்த சுமையை இனி நீராவி சுமந்தது. வாலைக்குள் அழுத்தம் வெளிக்காற்றின் மட்டத்துக்கு இறங்கியது. அதன் பிறகே களிமண் பரவலாக வென்றது. எனவே இரும்பிலிருந்து களிமண்ணுக்கு என்று பாடநூல்கள் சொல்லும் மாற்றத்தைப் மூலப்பொருள் மாற்றமாக மட்டும் படிப்பது பிழை. அது அழுத்தத்தின் வரலாறு.

இன்னொரு விலையை ஆலை கட்டவில்லை, ஆறு கட்டியது. சுண்ணாம்புக் குழம்பும் அம்மோனியா நீரும் தேம்ஸில் கலந்தன. மீன்கள் செத்தன, மீனவர் பிழைப்பு அழிந்தது. 1834-இல் ஈக்விட்டபிள் கேஸ் கம்பெனியின் இயக்குநர்கள் இதற்காகக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. எவ்வளவு வியந்தாலும் கிளெக்கின் வடிவமைப்பில் இந்தக் குறையை மறைக்கக்கூடாது: வாயுவின் அழுக்கை அது நீருக்கு மாற்றியது, நீரின் அழுக்குக்கு இடம் யோசிக்கவில்லை. நூற்றாண்டின் நடுவில் ஹில்ஸ், லாமிங் ஆகியோர் கொண்டுவந்த இரும்பு ஆக்சைடு முறை, காற்றில் விரித்து மீண்டும் பயன்படுத்தக்கூடியது என்பதால், சுண்ணாம்புக் கழிவின் சுமையைக் குறைத்தது.

லண்டனின் கிங்ஸ் கிராஸில் பழைய கொள்கலன்களின் இரும்புச் சட்டகங்களைப் பெயர்த்து வேறிடத்தில் நிறுவி, ஒன்றுக்குள் பூங்காவும் மூன்றுக்குள் குடியிருப்புகளும் அமைத்திருக்கிறார்கள். காப்பாற்றியதற்கு நன்றி சொல்ல வேண்டும். எனினும் அந்தத் தூண்கள் மணிக்கு வழிகாட்டியவை மட்டுமே; வேலை செய்த மணியும் நீர்த்தொட்டியும் அங்கில்லை. தொழில்தொல்லியலாளர்களிடம் இக்கட்டுரை வைக்கும் வேண்டுகோள் இதுதான்: பழைய வாயு ஆலை நிலத்தை அகழ்ந்து ஆவணப்படுத்தும்போது, வாலையறைக்கும் சட்டகத்துக்கும் தரும் இடத்தை ஹைட்ராலிக் மெயினின் உயர அளவுகளுக்கும், தொட்டியின் ஆழத்துக்கும், நீர்ப்பள்ளங்களின் அங்குலக் கணக்குக்கும் தாருங்கள்.