டாங்கித் தடைகள்

சங்கிலிப் பட்டையில் ஓடும் கவச வண்டிகளை நகரவிடாமல் செய்யும் சேறு, ஆறு, சரிவு போன்ற நில அமைப்புகளும், அதே நோக்கத்தோடு மனிதர் அமைக்கும் அகழி, சுவர், கண்ணிவெடி முதலியனவும் டாங்கித் தடைகள் எனப்படும். போர் வரலாறுகள் எதிரியின் குண்டுக்கு இரையான டாங்கிகளைப் பற்றியே அதிகம் பேசுகின்றன. நிலத்தால் நின்றுபோனவற்றுக்கும் அவற்றில் உரிய இடம் வேண்டும்.

சங்கிலிப் பட்டை எடையை அகலமாகப் பரப்புகிறது. சேற்றில் பலகை போட்டு நடப்பதும் இதே உத்திதான். 57 டன் எடையுள்ள ஜெர்மன் டைகர் டாங்கி சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தமே தந்தது. ஆனால் மண் இளகிப் பட்டை புதையப் புதைய, வண்டியின் அடித்தகடு தரையில் உட்கார்ந்துவிடும். அதன்பின் எடையைத் தாங்குவது அடித்தகடுதான். பட்டை எவ்வளவு சுழன்றாலும் சேற்றை வாரி இறைக்குமே தவிர வண்டியை இழுக்காது. கான்கிரீட் முளைகள் வண்டியை மேலே தூக்கி இதே நிலைக்குத் தள்ளுகின்றன. அகழியோ முன்பகுதியை உள்ளே இறக்கி, எதிர்க்கரை ஏறவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்முனையில் டாங்கிகள் முதன்முதலாகக் களமிறங்கியபோதே, பல வண்டிகள் பழுதாகியும் பள்ளங்களில் சிக்கியும் நின்றன. அடுத்த ஆண்டு பெல்ஜியத்தின் ஈப்ர் நகரையொட்டி நடந்தது இன்னும் கொடுமை. பிரிட்டிஷ் பீரங்கிகள் முன்கூட்டியே பொழிந்த 40 லட்சத்துக்கும் மேற்பட்ட குண்டுகள், அந்தத் தாழ்நிலத்தின் வடிகால்களைச் சிதைத்தன. ஆகஸ்ட் மழை மிச்சத்தை முடித்தது. சதுப்புகள் எங்கே உருவாகும் என்று டாங்கிப் படையினர் வரைபடம் வரைந்தே எச்சரித்திருந்தார்கள். மேலிடம் கேட்கவில்லை. அந்தத் தவறுக்கு விலை கொடுத்தவர்கள் வண்டிக்குள் இருந்தவர்கள்.

சேற்றிலிருந்து மீள, அன்றைய பிரிட்டிஷ் மார்க் 4 டாங்கியின் கூரைமேல் ஒரு கனத்த மர உத்தரம் கிடக்கும். வண்டி புதைந்தால், குண்டு மழைக்கு நடுவே வீரர்கள் வெளியே ஏறி அதை இரு பட்டைகளோடும் சங்கிலியால் பிணைப்பார்கள். பட்டை சுழலும்போது உத்தரம் முன்புறமாக இறங்கி அடியில் போகும். வண்டி அதை மிதித்து எழும். கரையேறியதும் கழற்றி மீண்டும் கூரையில் கட்ட வேண்டும்.

1917 நவம்பர் 20 அன்று பிரான்சின் கம்ப்ரேயில் பிரிட்டிஷ் டாங்கித் தாக்குதலுக்கு உலர்ந்த சுண்ணாம்பு நிலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. டாங்கிகளுக்காகவே ஜெர்மானியர் அகலமாக வெட்டியிருந்த அகழிகளில், ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள சுள்ளிக்கட்டுகளைத் தள்ளி அவற்றின்மேல் ஏறிக் கடந்தார்கள். சீனத் தொழிலாளர்கள் அடுக்கிய சுள்ளிகளை இரண்டு டாங்கிகள் எதிரெதிரே சங்கிலி இழுத்து இறுக்கியிருந்தன. அத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் மாஸ்னியேரில் கால்வாய்ப் பாலம் ஒரு டாங்கியின் பாரம் தாங்காமல் இடிந்தது.

1930களில் தடை அமைப்பதே தனித் துறையாக வளர்ந்தது. செக்கோஸ்லோவாக்கிய எல்லையில் இரும்பு முள்ளெலிகள் எனப்பட்ட குறுக்குச் சட்டங்களும், ஜெர்மனியின் மேற்கெல்லையில் வரிசை வரிசையாகக் கான்கிரீட் 'டிராகன் பற்களும்' எழுந்தன. 1942 ஆகஸ்ட் 19 அன்று பிரான்சின் தியெப் கடற்கரையில் கனடியரின் சர்ச்சில் டாங்கிகளுக்குக் கூழாங்கற்களே எதிரியாயின. கற்கள் பட்டைக்குள் புகுந்து இணைப்புகளை முறித்தன. கடற்சுவரைத் தாண்டிய வண்டிகளையும் தெருக்களில் கட்டியிருந்த கான்கிரீட் தடுப்புகள் மறித்தன. கரையிறங்கியவற்றில் ஒன்றுகூட நாடு திரும்பவில்லை. 1944 நார்மண்டி தரையிறக்கத்தில் கம்பளம் விரிக்கும் டாங்கிகளும் சுள்ளிக்கட்டு சுமக்கும் டாங்கிகளும் இடம்பெற்றதற்கு இந்த அனுபவம் ஒரு முக்கியக் காரணம்.

ரஷ்யாவின் இலையுதிர்காலச் சேற்றில் 1941-இல் ஜெர்மன் படை திணறியபோது, சோவியத் டி-34 தன் அகலமான பட்டைகளால் அதே நிலத்தில் ஒப்பீட்டளவில் எளிதாக ஓடியது.

நிலமே டாங்கிகளைத் தடுத்ததற்கு இந்தியத் துணைக்கண்டத்தில் தலையாய சான்று, இந்திய-பாகிஸ்தான் போரின்போது 1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரண் அருகே நடந்த அசல் உத்தர் போர். பாகிஸ்தானின் 1ஆம் கவசப் பிரிவிடம் சுமார் 45 டன் எடையுள்ள பாட்டன் டாங்கிகள் இருந்தன. பின்வாங்கிய இந்தியாவின் 4ஆம் மலைப்பிரிவு, குதிரை லாட வடிவில் காவல்நிலை அமைத்துக்கொண்டு, வயல்களில் தண்ணீரைத் திறந்துவிட்டது. உயர்ந்து நின்ற கரும்பு இந்திய டாங்கிகளை மறைத்தது. அடியில் ஊறிய வண்டல்மண் பாட்டன்களின் வேகத்தைப் பறித்தது. சேற்றில் தடுமாறியவை செஞ்சுரியன் டாங்கிகளுக்கும் ஜீப்பில் பொருத்திய பின்னுதைப்பற்ற பீரங்கிகளுக்கும் எளிய இலக்காயின. அத்தகைய ஜீப்பிலிருந்து போரிட்டு வீழ்ந்த அப்துல் ஹமீதுக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. இந்தியக் கணக்குப்படி பாகிஸ்தான் இழந்தவை 97 டாங்கிகள். தண்ணீர் மட்டும் அந்த வெற்றியைத் தரவில்லை. தண்ணீர் விட்ட இடத்தைக் குறிபார்த்துப் பீரங்கிகள் காத்திருந்தன. சுடுபவர் இல்லாத தடையை எதிரி எப்படியும் சுற்றிவருவான் அல்லது தகர்ப்பான்.

1971 போரில் ஆறுகளும் வயல்களும் நிறைந்த கிழக்கு வங்கத்துக்கு இந்தியா தன் கனரக செஞ்சுரியன்களை அனுப்பவில்லை. அங்கே சென்ற கவசப் படைகளில் 14 டன் எடையே கொண்ட, நீரில் நீந்தக்கூடிய பிடி-76 டாங்கிகள் முக்கிய இடம் பெற்றன.