குடிநோயும் அதன் வைத்தியமும்: ஒரு வரலாற்று நோக்கு

கோயில் வாசலிலே கற்பூரங் கொளுத்தி, "இனி இதைத் தொடேன்" என்று சத்தியஞ் செய்கிறார் ஒருவர். பல ஆண்டுகளாக நாள்தோறும் சாராயம் அருந்தியவர் அவர். மறுநாட் காலையிலே அவருடைய கைகள் நடுங்குகின்றன, உடல் வியர்க்கின்றது. மூன்றாம் நாள், இல்லாத பூச்சிகளைச் சுவரிலே காண்கிறார்; வராத மனிதரோடு பேசுகிறார். வீட்டார் பேய்க்குறை என்றெண்ணிப் பார்வை பார்ப்பிக்கின்றனர். நடுக்கந் தாங்காது அவர் மீண்டும் ஒரு மிடறு குடித்தாலோ, "சத்தியந் தவறியவன்" என்று ஊர் தூற்றுகின்றது. இத்தகைய காட்சியை நம்முட் பலர் கண்டிருக்கிறோம். இதன் காரணத்தைத் தெளிவாக அறிந்து கொள்வதற்கு மருத்துவ உலகிற்கு ஏறக்குறைய 170 ஆண்டுகள் சென்றன. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

குடியின் கேட்டை நம் முன்னோர் அறியாதவரல்லர். வள்ளுவப் பெருந்தகையார் திருக்குறளின் 93ஆம் அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கென்றே வகுத்தார். சைவ ஒழுக்கமும் மதுவை விலக்கியது. இவை குடியாதவனைக் காக்கும் வேலிகள். குடிக்கு அடிமையாகிவிட்டவனை மீட்பது எவ்வாறு என்பது வேறொரு வினா.

அவ்வினாவை வைத்தியக் கண்கொண்டு நோக்கிய முன்னோடிகளுள் ஒருவர் பெஞ்சமின் ரஷ். பிலடெல்பியா நகர வைத்தியரான இவர், 1776இல் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்திற் கையொப்பமிட்டவர்களுள் ஒருவருமாவார். வடித்தெடுத்த மதுவின் தீங்கு பற்றி 1784இல் ஒரு சிறு நூலை வெளியிட்டு, குடிவெறியை ஒரு நோயாகக் கொண்டு ஆராய்ந்தார். பியர், வைன் ஆகியவற்றை அளவோடு அருந்தினால் தீங்கில்லை என அவர் கருதியது பிற்காலத்திற் பிழையென அறியப்பட்டது. எனினும் அவர் காட்டிய வழி புதியது. பின்னர், ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த கடற்படை வைத்தியர் தோமஸ் துரொட்டர், 1804இல் வெளிவந்த தமது நூலிலே குடிப்பழக்கத்தை மனத்தின் நோய் என்றார். கண்டித்து உபதேசிப்பதால் மட்டும் அது தீராதென்றும், வைத்தியர் முதலில் நோயாளியின் நம்பிக்கையைப் பெறல் வேண்டுமென்றும் அவர் வற்புறுத்தினார்.

1813இல் ஆங்கில வைத்தியர் தோமஸ் சற்றன், குடிகாரருக்கு உண்டாகும் நடுக்கத்தோடு கூடிய சன்னியை ஒரு தனி நோயாக விவரித்தார். சுவீடன் நாட்டு வைத்தியர் மக்னஸ் ஹஸ், 1849இல் நீடித்த மதுசாரப் பாவனை உடலையும் நரம்பையும் கெடுக்கும் விதத்தை விரிவாக எழுதி, இந்நோய்க்கு இன்று மேனாட்டார் வழங்கும் பெயரையும் இட்டார்.

வைத்தியர் இவ்வாறு ஆராய, பொதுமக்களோ சத்தியத்தையே பெரிதும் நம்பினர். 1840ஆம் ஆண்டு ஏப்பிரலில், அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரத் தவறணையொன்றிலே கூடிய ஆறு குடிகாரர் இனிக் குடிப்பதில்லை என உறுதிபூண்டு, வாஷிங்டன் பெயரால் ஒரு சங்கம் அமைத்தனர். சில ஆண்டுகளிலே இலட்சக்கணக்கானோர் அவ்வுறுதியைக் கையொப்பமிட்டு ஏற்றனர். ஆயின் பத்தாண்டு செல்லுமுன் அவ்வியக்கம் ஒடுங்கிப்போயிற்று. நம் இலங்கையிலும் 1904இலும் 1912இலும் மதுவிலக்கு இயக்கம் பேரெழுச்சி பெற்றது. அதில் முன்னின்ற சேனநாயக்க சகோதரர்கள் 1915இற் சிறைவாசமும் அனுபவித்தனர். அவ்வியக்கங்கள் செய்த நன்மை சிறிதன்று. ஆயினும் தவறணையை மூடுவது ஒன்று. தவறணைக்கு அடிமையானவரின் நோயைத் தீர்ப்பது மற்றொன்று.

1935ஆம் ஆண்டிலே ஒரு திருப்பம் நிகழ்ந்தது. நியூயோர்க்கில் பங்கு வியாபாரத் துறையிலிருந்த பில் வில்சன் என்பவரும், ஒகையோ மாநிலத்து அக்றன் நகரச் சத்திரசிகிச்சை வைத்தியர் ரொபேட் சிமித் என்பவரும் சந்தித்தனர். இருவரும் குடியால் நொந்தவர்கள். ஒருவர் துன்பத்தை மற்றவர் கேட்டு, ஒருவரையொருவர் தாங்கி, குடியாதிருக்கக் கற்றனர். பெயர் வெளியிடாத குடிநோயாளர் சங்கம் இவ்வாறு பிறந்து, உலகெங்கும் பரவியது.

1940களில் டென்மார்க்கில் ஹால்ட், யாக்கப்சன் என்னும் ஆராய்ச்சியாளர் வேறொரு நோக்கத்துக்காக ஒரு மருந்தைத் தாமே உட்கொண்டனர். அதன்பின் சிறிது மது அருந்தவும் முகஞ் சிவந்து, நெஞ்சு படபடத்தது. டைசல்பிரம் என்னும் அம்மருந்து பின்னர் குடிநோய்க்கு வழங்கலாயிற்று.

நாம் முதலிற் கூறிய காட்சிக்கு விடை தந்தது 1955இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி. அமெரிக்காவின் லெக்சிங்டன் நகரிலே ஹரிஸ் இஸ்பெல் என்பவரும் அவர் குழுவினரும், உடன்பட்ட சிலருக்குப் பல வாரங்கள் மதுவும் அதனோடு நல்லுணவும் கொடுத்து, பின் மதுவைத் திடீரென நிறுத்தினர். இத்தகைய பரிசோதனையை இக்காலத்து அறநெறி அனுமதியாது. குடி நின்ற பின்னரே நடுக்கமும் வலிப்பும் சன்னியும் தோன்றின. ஆகவே இவை பட்டினியாலோ பேயாலோ வருவனவல்ல. மதுவுக்குப் பழகிய மூளை அதனைத் திடீரென இழப்பதால் வருவன என்பது தெளிவாயிற்று. எனவே, நம் அன்பர் துன்புற்றது சத்தியந் தவறியதால் அன்று. வைத்தியத் துணையின்றிச் சத்தியத்தைக் காத்தமையாலேயே. அடுத்த ஆண்டாகிய 1956இல், குடிநோயாளரைப் பொது வைத்தியசாலைகளில் அனுமதித்தல் வேண்டுமென அமெரிக்க வைத்தியர் சங்கம் தீர்மானித்தது.

1976இல் பிரித்தானிய மனநோய் வைத்தியர் கிறிபித் எட்வேட்ஸ், மில்ற்றன் குறொஸ் என்பவரோடு சேர்ந்து இந்நோயின் அடையாளங்களை வகுத்துரைத்தார். முன் போதிய அளவு பின் போதாமை, நிறுத்தினால் நடுக்கம், அது தீரக் காலையிலேயே குடித்தல், பிற கடமைகளிலும் குடி முந்துதல், விட்டபின் தொட்டால் விரைவிலே பழைய நிலைக்கு மீளல் என்பன அவற்றுட் சில.

இவ்வரலாற்றால் நாம் அறியத்தக்கவை யாவை? நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் வைத்தியரின் ஆலோசனையின்றித் திடீரென நிறுத்துதல் ஆபத்து. கடைசியாகக் குடித்து 6 முதல் 48 மணித்தியாலத்துள் வலிப்பு வரக்கூடும், இரண்டு மூன்று நாளிற் சன்னி தோன்றக்கூடும், உயிர்போதலும் உண்டு. வைத்தியசாலையிலே அமைதிதரும் மருந்தைச் சில நாட்களுக்குப் படிப்படியாகக் குறைத்துக் கொடுத்தும், விற்றமின் பி1 ஊட்டியும் இக்கண்டத்தைக் கடப்பிக்கின்றனர். அதன்பின்னரே நீண்ட வைத்தியந் தொடங்குகின்றது. ஆலோசனையும், குடி நாட்டத்தைக் குறைக்கும் நல்ரெக்சோன் போன்ற மருந்துகளும் அதில் உதவுவன. டைசல்பிரம் மருந்தை நோயாளி அறியாவண்ணம் சோற்றிலோ தேநீரிலோ கலந்து கொடுத்தல் ஒருபோதும் ஆகாது. அவர் குடித்தால் உயிருக்கே கேடாகலாம். நம் நாட்டு அரசினர் வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளில் இந்நோய்க்கு இலவசமாகவே உதவி பெறலாம்.

சங்கத்து இளைஞர்களே! சத்தியத்தை நாம் இகழவில்லை. மனவுறுதியின்றி எவரும் இந்நோயினின்று மீளார். ஆனால் கற்பூரஞ் சத்தியம் பெறும் நாளிலேயே, அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்லும் பொறுப்பையும் நாம் ஏற்றல் வேண்டும். நாணத்தால் வீட்டுக்குள்ளே துயரை மறைக்கும் மனைவியரையும் தாய்மாரையும் தேடிச் சென்று, இது வைத்தியமுள்ள நோய் என்று எடுத்துரைத்தல் வேண்டும். பெரியோர்களே! ஒருவர் மீண்டும் இடறி வீழ்ந்தால், நீரிழிவு மீண்டும் கூடியவரை எவ்வாறு நடத்துவீர்களோ அவ்வாறே அவரையும் நடத்துங்கள். மறுபடியும் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். கோயில் வாசலில் நின்றவர் அடுத்த திருவிழாவிலும் நம்மோடு தேர்வடம் பிடித்தல் வேண்டும். அதற்கு ஆவன செய்தல் நம் சங்கத்தின் கடமையாகும்.