இரண்டு பேட்டரியும் ஒரு சுவிட்சும்

பாய்மரப் படகில் மோட்டாருக்கு வேலை கொஞ்ச நேரம்தான்: காற்று நின்றுபோகும்போதும், துறையை நெருங்கும்போதும். அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்க இரண்டு வழிகளை ஒப்பிடலாம். ஒன்று, இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளின் இணைப்பைச் சுவிட்சால் மாற்றுவது. பக்க இணைப்பில் 12 வோல்ட், தொடரிணைப்பில் 24. மற்றது பி.டபிள்யூ.எம். பலகை. அதிலுள்ள மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர், மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டிக் கொடுக்கும். வெட்டும் அளவைப் பொறுத்து வேகம் மாறும்.

இரண்டு வேகம் போதுமா என்றால், நீரின் கணக்கைப் பார்க்க வேண்டும். புரொப்பெல்லரின் வேகத்தைப் பாதியாக்கினால் தேவைப்படும் திறன் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். 24 வோல்ட்டில் 40 ஆம்பியர் இழுக்கும் மோட்டார் 960 வாட் தின்கிறது. அதே மோட்டார் 12 வோல்ட்டில் சுமார் 10 ஆம்பியர், 120 வாட்டோடு நின்றுவிடும். 100 ஆம்பியர்-மணி பேட்டரிகள் இரண்டிருந்தால், ஏட்டுக் கணக்கில் முழு வேகத்தில் இரண்டரை மணி நேரம், அரை வேகத்தில் இருபது மணி நேரம். போகும் தூரம் நான்கு மடங்கு. இந்த ஆதாயத்தைப் பலகையும் தரும், சுவிட்சும் தரும். பழைய மின்தடைச் சுருள்தான் தராது: அதே அரை வேகத்தில் மோட்டாருக்கு 120 வாட் போனால், சுருள் இன்னொரு 120 வாட்டைச் சூடாக்கித் தொலைக்கும்.

கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கிய 'ஆதித்யா' சூரியசக்திப் படகு 75 பேரை ஏற்றுவது. நாள் முழுக்கத் துறை பிடித்துத் துறை விடும் அப்படிப்பட்ட படகுக்கு வேகம் இழையிழையாக மாற வேண்டும். அங்கே மின்னணுக் கட்டுப்பாடு இல்லாமல் முடியாது.

கோவையை அடுத்த ஆனைகட்டிப் பக்கத்து ஆளுக்குத் தேவை வேறு. அங்கே சலீம் அலி பறவையியல் மையம் இருக்கிறது. அங்கிருந்து ஏரிக்குப் பறவைகளை எண்ணப் போகிறவருக்கு மோட்டார் சத்தமே முதல் எதிரி. வெட்டும் வேகம் காதுக்கு எட்டும் அளவில் இருந்தால் மோட்டார் கீச்சென்று பாடும். நொடிக்கு 20,000 முறைக்கு மேல் வெட்டினால் நமக்குக் கேட்காது. ஆனால் மாஸ்ஃபெட் கூடுதலாகச் சூடாகும். சுவிட்சில் இந்தப் பாட்டே இல்லை. பலகையில் ஈரம் புகுந்தால் மலையடிவாரத்தில் யார் பழுது பார்ப்பது? சுவிட்சைப் பம்புசெட் மெக்கானிக்கே பிரித்துப் பார்த்துவிடுவார். சின்னப் பாய்மரப் படகுக்கு நான் சுவிட்சையே சொல்வேன்.

ஆனால் இரண்டு பேட்டரியும் ஒரே வகை, ஒரே வயது, ஒரே அளவு சார்ஜில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பக்க இணைப்பில் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மின்சாரம் பாயும். சுவிட்ச், பழைய இணைப்பை முழுதும் விட்டபிறகே புதியதைப் பிடிக்கும் வகையாக இருக்கட்டும். நடுவில் 'ஆஃப்' நிலை கட்டாயம். ஒவ்வொரு பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியும் ஒரு ஃபியூஸ் போடுங்கள்.